அமைதியின் எடை 250 கிராம்

காதுக்கு எட்டிய தூரம் – 9

1978-ல் ஸூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்துகொண்டிருந்த அமர் போஸ் என்ற எம்.ஐ.டி. பேராசிரியர், விமானத்தில் கொடுத்த ஹெட்போனை ஆசையாக மாட்டிப் பார்த்தார். எஞ்சின் இரைச்சலில் பாட்டு எடுபடவே இல்லை. கடுப்பில் கணக்குப் போட ஆரம்பித்தவர், இரைச்சலை இன்னொரு ஒலியாலேயே அடக்க முடியுமா என்ற கேள்விக்கு ஊர் போய்ச் சேருவதற்குள் விடையின் வரைவைக் கண்டுவிட்டார். (கல்கத்தாவில் சுதந்திரப் போராட்டத்தில் இறங்கி, பிரிட்டிஷாரிடமிருந்து தப்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்த நோனி கோபால் போஸின் மகன் இவர்.) யோசனை புதிதல்ல. பால் லூயெக் என்ற ஜெர்மானியர் 1936-லேயே இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியிருந்தார். அதைத் தலையில் மாட்டுகிற பொருளாக்கத்தான் இத்தனை காலம் பிடித்தது. எங்கும் இறங்காமல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தின் இரு விமானிகளும் 1986-ல் போஸ் கம்பெனியின் சோதனை ஹெட்செட்டைத்தான் அணிந்திருந்தார்கள். நம்மைப் போன்ற சாதாரணப் பயணிகளுக்கு அது கிடைக்க 2000 ஆகிவிட்டது. போஸில் ஒயர் போனது 2016-ல்.

வேலை நடக்கும் விதம் எளிது. காதை மூடும் கிண்ணத்தின் வெளியிலும் உள்ளேயும் இருக்கும் மைக்குகள் இரைச்சலைக் கேட்கின்றன. சிப் அதன் அலையைத் தலைகீழாக்கி ஸ்பீக்கருக்குத் தருகிறது. மேடும் பள்ளமும் ஒன்றையொன்று விழுங்கிவிடுகின்றன. சிக்கல் நேரத்தில்தான். 100 ஹெர்ட்ஸில் உறுமும் எஞ்சினின் அலை 3.4 மீட்டர் நீளம். சிப் இம்மியளவு பிந்தினாலும் குற்றமில்லை. 5000 ஹெர்ட்ஸ் அலையோ 7 சென்டிமீட்டர்கூடத் தேறாது. அங்கே பிந்தினால் தலைகீழ் அலை தப்பான இடத்தில் போய் விழும். அதனால்தான் ஏசியின் உறுமலும் பஸ் எஞ்சினும் மாயமாக மறைய, பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சும் பாத்திரச் சத்தமும் மெலிந்தாலும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. அந்த உயர்சுருதிச் சத்தங்களைத் தடுக்கும் பொறுப்பு, காதைச் சுற்றி உட்காரும் மெத்தைக்கு.

கடையில் விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒலி, இரைச்சல் தடுப்பு, சௌகரியம் என்று மூன்று தனித்தனி மதிப்பெண் போடுகிறார்களே, அதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இந்த மெத்தைதான் காரணம். மூன்றும் ஒரே இடத்தில் தீர்மானமாகின்றன. மெத்தை கன்னத்தோடு பொருந்தாவிட்டால் வெளிச்சத்தம் உள்ளே வரும், உள்ளே இருக்கும் பேஸ் வெளியே போகும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் இதைச் சோதிக்கலாம். கச்சேரிப் பதிவு ஒன்றை ஓடவிட்டு, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தை மட்டும் கவனியுங்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். வலந்தலை அப்படியேதான் இருக்கும். கண்ணாடிக் காம்பு வழியாகக் கசிந்துகொண்டிருந்த தொப்பியின் கும்காரம் திரும்பி வரும். ஒரே ஹெட்போனை ஒருவர் புகழ்வதும் இன்னொருவர் 'பேஸே இல்லை' என்று தள்ளுவதும் பாதி இதனால்தான்.

மாடல்களுக்கு வருவோம். போஸின் குவயட்கம்ஃபர்ட் அல்ட்ரா (2023) சுமார் 250 கிராம். பிடி மென்மையானது, மெத்தை ஆழமானது. மாட்டியதும் ஒரு சின்ன ஒலியை எழுப்பி நம் காதை அளந்து, அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ஒலி சற்றுப் பளபளப்பானது; பேஸும் ட்ரெபிளும் கொஞ்சம் தூக்கலாக, குரல் நடுவில் ஒரு படி கீழே நிற்கும். சோனியின் எக்ஸ்எம்4 (2020), எக்ஸ்எம்5 (2022) இரண்டும் கிட்டத்தட்ட அதே எடைதான். ஆனால் பெட்டியைப் பிரித்ததும் கேட்கிற பேஸ் அநியாயம். இளையராஜாவின் பேஸ் கிட்டார் முதல் நிமிடத்தில் தேனாக இனித்து, மூன்றாம் பாட்டில் பாடகியின் குரலை மூடிவிடும். ஆப்பில் ஈக்வலைசரைத் தொட்டால் சரியாகும். தொடாமலே குறை சொல்கிறவர்கள் அதிகம். எக்ஸ்எம்5 மடங்காது என்ற புகாருக்குப் பணிந்து, 2025-ல் வந்த எக்ஸ்எம்6-ல் சோனி மறுபடி மடக்கிக் கொடுத்தது.

சென்ஹைசரின் மொமென்டம் 4 இரைச்சல் தடுப்பில் இவர்களுக்கு ஒரு படி பின்னால். பாட்டுக்காக மட்டும் வாங்குவதென்றால் என் ஓட்டு அதற்கே. ஒரு முறை சார்ஜ் செய்தால் 60 மணி நேரம் என்பதும் சும்மா இல்லை. ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் கேட்கச் சமச்சீரானது, கட்டுமானம் கண்ணைப் பறிக்கும். எடை 385 கிராம்! வலை போன்ற தலைப்பட்டி பாரத்தைப் பரப்பி உச்சந்தலையைக் காப்பாற்றுகிறது. கழுத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. சாய்ந்து படுத்துப் படம் பார்க்கிறவர்கள் அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வரலாம்.

புளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் எல்டாக்கா, ஏஏசியா என்று சண்டை ஒன்று உண்டு. எல்டாக் நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும். ஐபோன் அதை ஏற்பதே இல்லை. ஓடும் ரயிலில் இந்த வித்தியாசத்தைக் கேட்டேன் என்பவர்களிடம் வாதாடாமல் விட்டுவிடுவது நல்லது.

ஒப்பிடும்போது சத்த அளவை இரண்டிலும் சமமாக வையுங்கள். கொஞ்சம் உரக்கப் பாடுவது எதுவானாலும் அதுதான் நல்லது என்று காது சாதிக்கும். கடையில் ஐந்து நிமிடம் மாட்டிப் பார்ப்பது எதற்கும் ஆகாது. பிடி இறுக்கம் நெற்றிப்பொட்டில் தெரிய அரை மணி நேரமாவது வேண்டும். நம் ஊர் வெயிலில் அதற்கு முன்பே காதோரம் வியர்த்துவிடும். செயற்கைத் தோல் மெத்தை நம் மே மாதத்துக்குத் தைத்ததல்ல. உதட்டைப் பிதுக்கிக்கொண்டாவது இதை ஏற்கத்தான் வேண்டும். சிலருக்கு இரைச்சல் தடுப்பைப் போட்டதும் லிஃப்ட் ஏறுவதுபோல் காது அடைக்கும். உள்ளே காற்றழுத்தம் ஒன்றும் ஏறியிருக்காது. ஆனாலும் தொந்தரவு தொந்தரவுதான். வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது உத்தமம்.

வியர்வை பட்டுப் பட்டு மெத்தையின் மேல்தோல் உரிய ஆரம்பித்தால் பலர் புது ஹெட்போன் தேடுகிறார்கள். மெத்தையை மட்டும் மாற்றலாம். ஆப்பிளில் காந்தத்தில் ஒட்டியிருக்கும், மற்றவற்றில் நெம்பினால் வந்துவிடும். மலிவான போலி மெத்தை வேண்டாம்: பஞ்சின் தடிமன் மாறினால் காதுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையிலுள்ள தூரம் மாறும், கம்பெனி பார்த்துப் பார்த்து அமைத்த ஒலியும் கூடவே மாறும்.

அடுத்த வாரம்: காதுக்குள்ளேயே நுழைந்துவிடும் இயர்பட்ஸ்.