மணிக்கு 12 கிலோமீட்டர் நடை

ஜெகதீசனைத் தெரியாத மூத்த தலைமுறை மலேசியத் தமிழர் அரிது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடி அரையிறுதி வரை போனவர். அந்தத் தேசியச் சாதனையை 2017 வரை யாராலும் அசைக்க முடியவில்லை. கோவிந்தசாமி சரவணன் என்று சொன்னால் மட்டும் பலர் நெற்றியைச் சுருக்குகிறார்கள். 1998இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் 50 கிலோமீட்டர் வேகநடையில் தங்கம் வென்றவர் அவர். காமன்வெல்த் தடகளத்தில் மலேசியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். 'நடைதானே' என்கிற அலட்சியம் நம்மவர்களுக்கு உண்டு. உடலின் அசைவுகளை அளந்து ஆராயும் பயோமெக்கானிக்ஸ் துறைக்கோ, ஓட்டத்தைவிட விசித்திரமான பாடம் வேகநடை.

சரவணன் எடுத்துக்கொண்ட நேரம் 4 மணி 10 நிமிடம் 5 வினாடி. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 12 கிலோமீட்டர். பிரிக்பீல்ட்ஸில் புறப்பட்டு, கிள்ளான் போய்ச் சேர்ந்து, திரும்பும் வழியில் பாதியைத் தாண்டுகிற தூரம் அது. காலையில் பூங்காவில் மெதுவோட்டம் போகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வேகத்தில் ஓடுவதுகூட இல்லை.

சாதாரணமாக நடக்கும்போது என்ன நடக்கிறது? ஊன்றிய கால் நேராக நிற்கிறது. அதன் மேல் உடம்பு, தலைகீழாக நிறுத்திய கடிகார ஊசலைப் போல, ஒரு வளைவில் ஏறி இறங்குகிறது. அந்த வளைவை விட்டு விலகாமல் உடம்பைப் பிடித்து வைத்திருப்பது புவியீர்ப்பு. வேகம் கூடக்கூட அந்தப் பிடி போதாமல் போகிறது. ஒரு கட்டத்தில் பாதம் தரையை விட்டு எழும்பியே தீரும். கால் நீளம் 90 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் அந்த எல்லை மணிக்கு 10.7 கிலோமீட்டர் அளவில் வருகிறது. நாமெல்லாம் அதுவரை பொறுப்பதில்லை. ஏழு, ஏழரையைத் தாண்டும்போதே, யாரும் சொல்லாமல், உடம்பு ஓட்டத்துக்கு மாறிவிடுகிறது.

அப்படியானால் 12 கிலோமீட்டர் வேகத்தில் எப்படி நடப்பது? விடை இடுப்பில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் சிரிக்கிற அந்த இடுப்பாட்டம் அலங்காரமல்ல. ஊன்றிய காலுக்கு மேல் உடம்பு போகும் நொடியில் மறுபக்க இடுப்பு கீழே சரிகிறது. அதனால் உடம்பின் எடைமையம் ஏறி இறங்கும் வளைவு தட்டையாகிறது. புவியீர்ப்பின் எல்லையும் தள்ளிப்போகிறது. இடுப்பு முன்னும் பின்னும் திரும்புவதால் அடியின் நீளமும் கூடுகிறது. அந்தத் திருகலை ஈடுகட்டத்தான் முழங்கையை மடித்து வீசுகிறார்கள். நிமிடத்துக்கு 180, 190 அடி. ஓரடி 1.1 மீட்டர் என்றால் 50 கிலோமீட்டருக்குச் சுமார் 45,000 அடி. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு முதலில் வலிப்பது தொடையல்ல, கெண்டைக்காலுக்கு நேர் எதிரே முன்பக்கம் இருக்கும் தசை. குதிகால் ஊன்றும்போது பாதம் பொத்தென்று விழாமல் தாங்கிப் பிடிப்பது அதுதான்.

விதிகள் இரண்டு. கண்ணுக்குத் தெரியும்படி தரைத் தொடர்பு அறக்கூடாது. முன்கால் தரையைத் தொட்ட கணத்திலிருந்து அது உடம்புக்கு நேர்கீழே வரும்வரை முழங்கால் மடங்கக்கூடாது. 'கண்ணுக்குத் தெரியும்படி' என்பதில்தான் வேடிக்கை. முன்னணி வீரர்களை ஆய்வுக்கூடத்தில் படம் பிடித்தால், அடிக்கு அடி இரண்டு பாதமும் தரையில் இல்லாத ஓர் இடைவெளி தெரியும். வினாடியில் ஆயிரத்தில் முப்பது, நாற்பது பங்கு. அதை நடுவரின் கண் பிடிக்காது. விதியும் வெறுங்கண்ணைத்தான் நம்பச் சொல்கிறது. குதிரை ஓடும்போது நான்கு காலும் ஒரே சமயத்தில் அந்தரத்தில் இருக்குமா என்ற வாக்குவாதத்தை 1878இல் கலிபோர்னியாவில் புகைப்படக்காரர் மைப்ரிட்ஜின் கேமராக்கள் தீர்த்து வைத்தன. வேகநடையில் கேமரா சொல்வதைத் தெரிந்தேதான் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது சரி. கேமராவின் கறாரில் தீர்ப்புச் சொன்னால் எல்லைக்கோட்டைத் தொட எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

டோக்கியோ போட்டியோடு 50 கிலோமீட்டர் நடை ஒலிம்பிக்கிலிருந்து போய்விட்டது. நடையும் ஓட்டமும் அளக்கப்படுவது நிற்கவில்லை. புக்கிட் ஜாலிலில் தேசிய விளையாட்டுக் கழகம் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியலைப் பட்டப்படிப்பாகவே படிக்கலாம். இந்தத் துறையின் அடிப்படைக் கருவிகள் இரண்டு: பாதம் தரையை எவ்வளவு பலமாக, எந்தத் திசையில் தள்ளுகிறது என்று காட்டும் உணர்தட்டு, மூட்டுகளின் கோணத்தைப் பின்தொடரும் அதிவேகக் கேமரா.

தட்டுக்கு நாம் எங்கே போவது? கேமரா சட்டைப்பையிலேயே இருக்கிறது. இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவசைவு வசதி உண்டு. நடுவரின் கண் தவறவிடும் அந்த இடைவெளி அதில் ஏழெட்டுப் படங்களாக விரியும். பள்ளிப் போட்டி விளையாட்டுக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் ஒன்று செய்யுங்கள். திடலின் பக்கவாட்டில், பிள்ளையின் இடுப்பு உயரத்தில் கைப்பேசியை அசையாமல் நிறுத்தி, பிள்ளை குறுக்கே கடந்துபோவதை எடுங்கள். கூடவே ஓடி எடுக்காதீர்கள், கோணமெல்லாம் பொய்யாகிவிடும். பாதம் இடுப்புக்கு எவ்வளவு முன்னால் விழுகிறது, விழும்போது முழங்கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பார்த்ததைப் பிள்ளையிடம் குறையாகச் சொல்ல வேண்டாம். படத்தைப் பயிற்றுநரிடம் காட்டுங்கள்.