உங்களுக்குத் தெரியுமா? ஏறி நிற்கும் மார்பு இறங்கும்!

மார்பகத்துக்குள் வைக்கும் சிலிக்கோன் இம்பிளான்ட் முதன்முதலில் ஒரு பெண்ணுக்குப் பொருத்தப்பட்டது 1962-இல், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில். மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் முதல் சில வாரங்களில் கண்ணாடி பார்த்துக் கலங்குவது இன்றும் சகஜம். மார்பு மேலே ஏறி நிற்கும்; கல்லாக இறுகியிருக்கும்; இடதும் வலதும் ஒத்துப்போகாது. பெரும்பாலும் வீக்கத்தின் வேலைதான். இம்பிளான்ட்டை நெஞ்சுத் தசைக்கு அடியில் வைத்திருந்தால், இறுகிய தசை அதை மேல்நோக்கித் தள்ளிப் பிடிக்கும். தசை தளர்ந்து தோல் இடம் கொடுத்த பிறகே மெல்லக் கீழிறங்கிப் படியும். அதற்கு 3 முதல் 6 மாதம் ஆகலாம். இரு பக்கமும் ஒரே வேகத்தில் இறங்குவதும் இல்லை. (அறுவைக்கு முன்பு மட்டும் இரண்டும் அச்சு அசலாகவா இருந்தன?)

ஆனால் ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோடு சிவந்தாலோ பொறுத்திருக்கக் கூடாது. உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம், கிருமி தொற்றியிருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.