வெள்ளைச் சட்டையில் விழுந்த மை

ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறந்தவுடன் நமது இல்லங்களில் தாய்மாருக்கு ஒரு பழைய கவலை புதிதாய்த் தொடங்குகிறது. காலையில் வெள்ளைச் சட்டையுடன் சென்ற பிள்ளை மாலையில் திரும்பும்போது சட்டைப்பையின் அடியில் நீலக் கறை படர்ந்திருக்கிறது. ஆண்டு முழுமைக்கும் இரண்டே சீருடைகள் தைத்துக் கொடுத்திருக்கும் குடும்பத்திற்கு அது சிறிய இழப்பன்று. பிள்ளைக்கு ஏச்சு விழுகிறது. சில வீடுகளில் அடியும் விழுகிறது. ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை எவரும் கேட்பதில்லை: அது எந்தப் பேனாவின் மை?

மை எனப் பொதுப்பெயரால் வழங்கினும் அவை எல்லாம் ஓரினம் அல்ல. ஊற்றுப் பேனாவில் நிரப்பும் சாதாரண நீல மை, நீரில் கரைந்த சாயமே. கறை காயுமுன் துணியைத் திருப்பிப் பிடித்து, பின்புறத்திலிருந்து குளிர்ந்த நீரை ஊற்றினால் பெரும்பகுதி வந்த வழியே போய்விடும். எஞ்சியதைப் பாலிலோ தயிரிலோ ஊறவைத்து அலசுவது நம் பாட்டிமார் கண்ட முறை. இன்றும் அதில் குறை கூறுவதற்கில்லை.

பழைய முறையில் செய்யப்படும் கருநீல மையோ வேறு குணம் உடையது. மாசிக்காய் போன்றவற்றின் துவர்ப்பும் இரும்பு உப்பும் சேர்ந்த மை அது. எழுதும்போது வெளிறித் தோன்றி, காற்றுப் பட்டபின் கறுக்கும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகத் திருமறைப் படிகளையும் கோவில் பதிவேடுகளையும் இவ்வகை மையால்தான் எழுதினர். இதன்மேல் வெளுப்புத் தூளைத் தூவினால் நீலம் மறையும்; இரும்பு துருவாகி மஞ்சள் கறையாய் நின்றுவிடும். எலுமிச்சஞ்சாறும் உப்பும் தடவிச் சற்று நேரம் வைத்து அலசுவதே இதற்குத் தக்கது. புளிப்பு இரும்பைக் கரைக்கும்.

இன்று பிள்ளைகளின் பையில் இருப்பது பெரும்பாலும் பால்பாயிண்ட் பேனா. ஹங்கேரி நாட்டு லாஸ்லோ பீரோ 1938-ல் காப்புரிமை பெற்ற இப்பேனாவின் மை பசைபோன்று கெட்டியானது, நீரில் கரையாது. இதை அறியாமல் சோப்புப் போட்டுத் தேய்க்கும்போதுதான் காசளவு கறை உள்ளங்கை அளவாகிறது. இதற்கு வேண்டியது மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட். 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலம் முதல் பல வீடுகளில் இருக்கும் கை சானிடைசரும், ஆல்ககால் கலந்ததாயின், உதவும். பழைய வெள்ளைத் துணியை நான்காய் மடித்துப் பரப்பி, கறை கீழ்நோக்கும்படி சட்டையை அதன்மேல் வைக்க வேண்டும். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, பின்புறத்தில் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்ற வேண்டும். தேய்க்கலாகாது. அடித்துணி மையைக் குடிக்கும்; அதை இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்தாறு முறை ஒற்றியபின் சோப்பு நீரில் அலசலாம். வண்ணத் துணியாயின் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுச் சோதித்துக்கொள்வது நலம். அடுப்பெரியும் சமையலறையில் இவ்வேலை கூடவே கூடாது. ஸ்பிரிட் நொடியில் பற்றிக்கொள்ளும்.

நகப்பூச்சு நீக்கும் திரவத்தைச் சிலர் பயன்படுத்துகின்றனர். அதில் பெரும்பாலும் இருக்கும் அசிட்டோன், அசிட்டேட் வகைச் செயற்கைப் பட்டைக் கரைத்து ஓட்டையாக்கிவிடும். ஜெல் பேனா மையில் பெரும்பாலும் கரையாத நிறப்பொடி இருப்பதால் அது நூலிழைகளுக்குள் சிக்கிக்கொள்ளும். மங்கச் செய்யலாம், முற்றிலும் போக்குவது அரிது.

சாயம் ஒட்டுவது மற்றொரு தொல்லை. புதுநன்மைக்குத் தைத்த வெண்ணிற ஆடையோடு ஒரு சிவப்பு ரவிக்கையும் வாளியில் விழுந்துவிட்டால், ஆடை இளஞ்சிவப்பாகிவிடும். அப்போது செய்யத்தகாதது அதைக் காயவைப்பதும் இஸ்திரி போடுவதுமே. ஈரமாக இருக்கும்போதே தனியே எடுத்து, நீரை மாற்றி மாற்றிச் சோப்பில் ஊறவைத்தால் பெரும்பாலும் சாயம் இறங்கும். புதுத் துணியின் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தால், சாயம் போகுமா என்பது முன்கூட்டியே தெரியும். ஒரு வேடிக்கை: நம் சென்னைக் கட்டம் போட்ட துணி அமெரிக்காவில் 1960-களில் சாயம் கசிவதையே சிறப்பாகக் கூறி விற்கப்பட்டது!

மஞ்சள் கறை சோப்புப் பட்டவுடன் சிவப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. காரம் பட்டால் மஞ்சள் சிவப்பது இயல்பு. துவைத்து வெயிலில் உலர்த்தினால் வெளுத்துவிடும்.

இங்கே சற்றுக் கண்டிப்புடனேயே ஒன்று கூறுவோம். எலுமிச்சை போட்டும் போகாத கறையின்மேல் வெளுப்புத் தூளையும் கொட்டிப் பார்க்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. வெளுப்புத் தூளுடன் எலுமிச்சை, வினிகர், கழிவறை கழுவும் அமிலம் ஆகிய எதுவும் கலந்தால் குளோரின் நச்சுவாயு எழும். கதவடைத்த குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. பட்டும் கம்பளியும் வெளுப்புத் தூளால் பாழாகும் என்பதும் நினைவிருக்கட்டும்.

போகக்கூடாது என்றே செய்யப்பட்ட கறைகளும் உண்டு. சலவைத் தொழிலாளர் துணியில் குறியிடும் சேங்கொட்டைச் சாறு அத்தகையது; தோலில் பட்டால் புண்ணாக்கவும் செய்யும். 1962 பொதுத் தேர்தல் முதல் வாக்காளர் விரலில் இடப்படும் மைசூர் மையும் அவ்வாறே. அதிலுள்ள வெள்ளி நைட்ரேட் ஒளி பட்டுக் கறுக்கிறது. இவை துணியில் பட்டால் வீட்டு வைத்தியம் பலிக்காது.

கறை சட்டைப்பையில் மட்டும் இருந்து, எதற்கும் அசையவில்லையென்றால், பையைப் பிரித்துவிட்டுப் புதுப்பை தைத்துவிடலாம். இதற்காகவே, சீருடை தைக்கக் கொடுக்கும்போது மீந்த துண்டுத் துணியைத் தையற்காரரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.