கிடங்குக் கதவில் என்ன எழுத வேண்டும்?

‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்ற பலகை இல்லாத கடை அரிது. ஆனால் மூட்டை தூக்கும் தொழிலாளியின் உயிரைக் காக்கும் பலகை எத்தனை கிடங்குகளில் இருக்கிறது? வணிகப் பெருமக்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

தானிய, பருப்புக் கிடங்குகளில் வண்டையும் அந்துப்பூச்சியையும் ஒழிக்க அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்துப் பூட்டி வைப்பது வழக்கம். காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்னும் நச்சு வாயு கிளம்புகிறது. இந்த வாயு கண்ணுக்குத் தெரியாது. பூண்டு அல்லது அழுகிய மீன் போன்ற வாடை வரலாம்; ஆனால் வாடை இல்லை என்பதால் வாயு இல்லை என்று நம்பிவிடக் கூடாது. இந்த நஞ்சுக்கு முறிமருந்தும் கிடையாது. ஆகவே இம்மாத்திரையை நாமே வாங்கி வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. அனுமதி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தாரைக் கொண்டே செய்ய வேண்டும். அவர்கள் வேலை முடித்துப் போன பிறகு கதவருகே வருபவர்களைத் தடுத்து நிறுத்துவது பலகைதான்.

வெறுமனே ‘அபாயம்’ என்று எழுதினால் போதாது. மின்சாரப் பெட்டியிலும் அதே சொல்தான் இருக்கிறது. பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. என்ன ஆபத்து, என்ன செய்யக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எடுத்துக்காட்டாக:

‘விஷ வாயு. உள்ளே நுழையாதீர். மருந்து வைத்த நாள் ____. திறக்கும் நாள் ____. திறக்கும் பொறுப்பாளர், தொலைபேசி ____. அவசரத்திற்கு 108.’

இன்று நம் கிடங்குகளில் பீகார், ஒடிசா மாநிலத் தொழிலாளர் பலர் இருக்கிறார்கள். எனவே தமிழோடு இந்தியிலும் எழுதுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு மண்டையோட்டுப் படம் வேண்டும். முன்கதவில் மட்டுமின்றிப் பின்கதவிலும் சன்னலிலும் மாட்டுங்கள்.

காற்றோட்டம் விட்டு, வாயு நீங்கியதைக் கருவியால் சோதித்த பின்பே பலகையைக் கழற்ற வேண்டும். சோதித்த பின் கழற்றாமலும் இருக்கக் கூடாது. ஆண்டு முழுவதும் தொங்கும் பலகையை ஆபத்து வரும் நாளில் ஒருவரும் மதிக்கமாட்டார்கள்.

பூச்சிமருந்து விற்போர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். 1971-ஆம் ஆண்டு பூச்சிமருந்து விதிகளின்படி டப்பாவில் சாய்சதுர முத்திரை உண்டு. சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்த நஞ்சு. சுவரில் உள்ள பச்சைப் பலகை வெளியேறும் வழியையும் முதலுதவிப் பெட்டியையும் காட்டும். டப்பாவில் உள்ள பச்சையோ நஞ்சையே குறிக்கும். இந்த வேறுபாட்டைப் பணியாளருக்கு விளக்கிச் சொல்லுங்கள். மருந்தைப் பெயரில்லாத வேறு புட்டியில் ஊற்றி வைக்க ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

பலகை எழுத ஒரு மூட்டை அரிசியின் விலைகூட ஆகாது. புதிதாக வேலைக்கு வருபவரிடம் முதல் நாளே அதைப் படித்துக் காட்டுங்கள். நம்மை நம்பி உள்ளே போகிறவர் நலமாக வெளியே வரவேண்டும் அல்லவா?