கடைக்கு சாப்ட்வேர் எழுதச் சொல்லப் போகிறீர்களா?

கம்ப்யூட்டர் வாங்கிய கடைக்காரர்கள் பலர் என்னிடம் கேட்பது, "எங்கள் கடைக்கென்று தனியாக பில்லிங் சாப்ட்வேர் எழுதித் தருவீர்களா?" என்பதுதான். எழுதலாம். அதற்கு முன் ரெடிமேடாகக் கிடைக்கும் டேலி போன்ற சாப்ட்வேர் போதுமா என்று பாருங்கள்.

போதாது என்றால், தேவைகளைத் தாளில் எழுதுங்கள். கையால் போட்ட பில், ஸ்டாக் நோட்டு ஆகியவற்றின் நகல்களையும் கொடுங்கள். அவற்றைப் பார்த்துத்தான் நாங்கள் திரைகளை வடிவமைப்போம்.

எல்லாம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பில் பகுதி தயாரானதும், பழைய நோட்டையும் தொடர்ந்தபடியே ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் அடுத்த பகுதிக்குச் செல்லலாம். பணத்தையும் பகுதி பகுதியாகவே கொடுங்கள்.

சாப்ட்வேர் ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்துவிடாது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. 2025 செப்டம்பர் 22-ல் பல பொருட்களின் வரி மாறியது. வரி விகிதத்தை புரோகிராமுக்குள்ளேயே எழுதியிருந்தால், ஒவ்வொரு முறையும் புரோகிராமரைத் தேட வேண்டும். நீங்களே மாற்றிக்கொள்ளத் தனித் திரை கேளுங்கள். தினமும் டேட்டாவை பென் டிரைவில் பேக்அப் எடுங்கள்.

முக்கியமானது சோர்ஸ் கோட். புரோகிராமர் எழுதும் மூல வரிகள் இவை. இவை இல்லாமல் வேறொருவரால் சாப்ட்வேரைத் திருத்துவது மிகக் கடினம். நீங்கள் பணம் கொடுத்திருந்தாலும், 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்து மூலம் மாற்றித் தராதவரை வெளியாள் எழுதிய புரோகிராமின் உரிமை பொதுவாக அவருக்கே. எனவே சோர்ஸ் கோட், உரிமை, பராமரிப்புக் கட்டணம் மூன்றையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.