இன்னொரு நூறு லிட்டர்

மேற்கு ஆஸ்திரேலியாவில் விலூனா என்ற சிற்றூரிலிருந்து ஹால்ஸ் க்ரீக் வரை ஏறத்தாழ 1,850 கிலோமீட்டருக்கு ஒரு மண்தடம் ஓடுகிறது. கானிங் ஸ்டாக் ரூட் என்பது அதன் பெயர். மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிச் செல்வதற்காக ஆல்ஃபிரட் கானிங் என்ற நில அளவையாளர் 1906-07இல் அளந்த பாதை அது. 1908 முதல் 1910 வரை, மந்தை ஒரு நாளில் நடக்கக்கூடிய தொலைவைக் கணக்கிட்டு வழிநெடுகக் கிணறுகள் அமைத்தார். நீர் இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லி அந்த மண்ணின் பூர்வகுடிகளைச் சங்கிலியிட்டு நடத்திச் சென்றார் என்ற புகாரை 1908இல் ஓர் அரச ஆணையம் விசாரித்தது. பாதையின் கதையில் இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மாட்டுக்கு நாள்தோறும் தண்ணீர் கிடைக்கும்படி அமைந்த அந்தப் பாதையில், இன்று வண்டிக்கு டீசல் வேண்டுமென்றால் நடுவில் நம்பிப் போகக்கூடிய இடம் ஒன்றே ஒன்று. 33ஆம் கிணற்றுக்கு அருகில் உள்ள குனவாரிட்ஜி என்ற பூர்வகுடிக் குடியிருப்பு. விலூனாவிலிருந்து அங்கே போய்ச் சேர ஆயிரம் கிலோமீட்டரை ஒட்டி ஓட்டவேண்டும்.

டொயோட்டா ஹைலக்ஸின் டேங்க் 80 லிட்டர் பிடிக்கும். லேண்ட் குரூசர் 79 வரிசைப் பிக்கப்பில் 130 லிட்டர். தார்ச்சாலையில் நூறு கிலோமீட்டருக்கு 12, 13 லிட்டரோடு போகும் வண்டி, முழுச் சுமையோடு மணல்மேடு ஏறும்போது 20 லிட்டர் குடித்தால் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள். அந்தக் கணக்கில் ஆயிரம் கிலோமீட்டருக்கு 200 லிட்டர் வேண்டும். வழி தவறினால், மழையில் தடம் மூடிக்கிடந்தால், மணலில் புதைந்த வண்டியை மீட்க மணிக்கணக்கில் என்ஜினை உறுமவிட்டால் என்று மேலும் ஐந்தில் ஒரு பங்கு. ஆக 240 லிட்டர். 130 லிட்டர் டேங்க் உள்ள வண்டிக்கும் இன்னொரு நூறு லிட்டருக்கு மேல் துண்டு விழுகிறது. கூடுதல் டேங்க் என்ற யோசனை பிறப்பது இந்தக் கணக்கில்தான்.

முதலில் எல்லோர் கையும் போவது கேனுக்கு. இருபது லிட்டர் ஜெர்ரி கேன் ஜெர்மானிய ராணுவத்துக்காக 1930களின் பிற்பாதியில் உருவானது. 1940இல் எகிப்தில் ரால்ஃப் பாக்னோல்டு தொடங்கிய 'லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப்' என்ற பிரிட்டிஷ் படைப்பிரிவு, செவர்லே லாரிகளில் லிபியப் பாலைவனத்துக்குள் நூற்றுக்கணக்கான மைல் ஊடுருவியது. அன்று பிரிட்டிஷாரிடம் இருந்ததோ நான்கு கேலன் மெல்லிய தகர டின்கள். குலுங்கும் லாரியில் அவை ஒழுகின, உடைந்தன; பெட்ரோலில் பெரும்பங்கு மணலுக்குப் போனது. எதிரியிடம் கைப்பற்றிய கேனைப் பார்த்துவிட்டு அதையே பிரிட்டனும் வடித்தது. மூன்று கைப்பிடி, உள்ளடங்கிய வெல்டிங், நெம்பி மூடும் மூடி, நிரப்பினாலும் நீரில் மிதக்கும்படி உள்ளே ஒரு காற்றிடம்: எண்பது ஆண்டுகள் கழித்தும் அந்த வடிவத்தில் மாற்றத் தக்கது அதிகம் இல்லை.

ஆனால் டீசல் நிரம்பிய ஒரு கேன் இருபது கிலோவைத் தாண்டும். ஐந்து கேனை கூரைமேல் அடுக்கினால் நூறு கிலோவுக்கு மேல் தலைப்பாரம். மணல்மேட்டின் சரிவில் வண்டி பக்கவாட்டில் சாயும்போது அந்தப் பாரம்தான் அதைக் கவிழ்க்கப் பார்க்கும். கேனை வண்டிக்குள் வைத்தாலோ ஆவியும் நாற்றமும் ஆபத்தும். எரிபொருளுக்குச் சரியான இடம் வண்டியின் அடியில், சேசிஸ் சட்டங்களுக்கு நடுவே, இரண்டு அச்சுகளுக்கும் இடையில். இந்த விஷயத்தில் எத்தனை லிட்டர் என்பதைவிட எங்கே வைக்கிறோம் என்பதே பெரிய கேள்வி.

அங்கே வைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கம்பெனி டேங்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பெரியதைப் பொருத்துவது. ஹைலக்ஸ் போன்ற வண்டிகளுக்கு 140 லிட்டர் அளவில் இப்படிப்பட்ட டேங்குகள் ஆஸ்திரேலியச் சந்தையில் கிடைக்கின்றன. சில துருப்பிடிக்காதபடி அலுமினியம் பூசிய எஃகுத் தகட்டால் ஆனவை. சில அச்சில் சுழற்றி வார்த்த தடித்த பாலிஎத்திலீன். பம்ப், குழாய், நிரப்பும் வாய் எல்லாம் பழையபடியே இருப்பதால் கெட்டுப்போக அதிகம் இல்லை. முடிந்தவரை இதுவே நல்ல வழி.

இன்னொன்று, பழைய டேங்கை விட்டுவைத்து இரண்டாவதாக ஒன்றைச் சேர்ப்பது. இடம் பெரும்பாலும் பின்னால் ஸ்டெப்னி தொங்கும் பகுதி. அல்லது சரக்குத் தொட்டிக்குள். அமெரிக்காவில் தொட்டிக்குள் வைக்கும் பெட்டி டேங்குகளே அதிகம். அங்கு விவசாயிகள் டிராக்டருக்கு ஊற்ற வரியில்லாத, சிவப்புச் சாயமிட்ட டீசலைக் கொண்டுபோவார்கள். அந்த டீசலைக் கொண்டு பொதுச்சாலையில் வண்டியை ஓட்டினால் அது சட்டப்படி குற்றம்.

ஸ்டெப்னி இருந்த இடத்தில் நூறு லிட்டர் டேங்க் என்றால் டீசல் மட்டும் 83, 84 கிலோ. அதுவும் பின்னச்சுக்கும் பின்னால். அங்கிருந்து இறங்கிய ஸ்டெப்னியையும் இன்னும் பின்னுக்குத் தள்ளி பின்பம்பரில் மாட்டுகிறார்கள். பிக்கப் ஏறக்குறைய ஒரு டன் சுமக்கும் என்று சொல்லித்தான் விற்கப்படுகிறது. முன்னால் இரும்புக் காப்பு, வின்ச், தொட்டிக்கு மூடுகூடு, இரண்டாவது பேட்டரி, ஃபிரிட்ஜ், அறுபது லிட்டர் குடிநீர், ஆட்கள் என்று கூட்டிப் பார்த்தால் அந்த டன் எரிபொருளுக்கு முன்பே தீர்ந்துபோயிருக்கும். பின்பக்கம் தாழ்கிறதே என்று ஸ்பிரிங்குக்கும் சேசிஸுக்கும் நடுவில் காற்றுப்பையை வைத்து நிமிர்த்துகிறவர்கள் உண்டு. வண்டி நேராக நிற்கும். தாங்கும் சக்தி கூடியிருக்காது. சுமை முழுதும் சேசிஸின் ஒரே புள்ளியில் இறங்கும். வேகமாகப் போய் ஒரு பள்ளத்தில் விழுந்தால் கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவில் சேசிஸே வளைந்துவிடும். நடுப்பாலைவனத்தில் இப்படி முதுகு முறிந்து நின்ற வண்டிகள் ஆஸ்திரேலியாவில் ஏராளம். எடைமேடையில் முன்னச்சையும் பின்னச்சையும் தனித்தனியே ஏற்றிப் பார்த்த பிறகே டேங்கின் அளவைத் தீர்மானிக்கவேண்டும்.

டேங்க் கிடைத்தது, இடமும் கிடைத்தது. அதிலிருந்து எரிபொருள் என்ஜினுக்கு எப்படிப் போவது? எளியது, சிறு மின்பம்ப் ஒன்றை வைத்து இரண்டாவது டேங்கிலிருந்து முதல் டேங்குக்கு மாற்றுவது. டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் போதும். இன்னொரு முறையில், ஒரு வால்வைத் திருப்பி என்ஜினை நேரடியாக இரண்டாவது டேங்கிலிருந்தே இழுக்கவைப்பார்கள். இதில் அனுபவமில்லாத பட்டறைகள் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. டீசல் என்ஜின் தனக்கு வேண்டியதைவிட அதிகமாக டீசலை இழுத்து, மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். இழுக்கும் குழாயை மட்டும் இரண்டாவது டேங்குக்கு மாற்றி, திரும்பும் குழாயை முதல் டேங்கிலேயே விட்டுவிட்டால், ஒன்று காலியாகிக்கொண்டே வரும், மற்றது நிரம்பி வழியும். போக்கு, வரத்து இரண்டையும் ஒன்றாகத் திருப்பும் வால்வு வேண்டும்.

மூச்சுக்குழாயும் அப்படித்தான். டீசல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வரவேண்டும். அந்தச் சிறு குழாய் தூசியால் அடைத்தால் பம்ப் இழுக்க முடியாமல் திணறும். நிரப்பும்போது டீசல் வாய்வழியே பொங்கும். தாழ்வாக விட்டால் ஆற்றைக் கடக்கும்போது தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதன் முனையை உயரத்தில், வடிகட்டியோடு முடிப்பது நல்லது. மாதக்கணக்கில் டேங்கில் தங்கும் டீசலில் நீர் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் வளர்ந்து கரும்பாசிபோல் வடிகட்டியை அடைக்கும். ஆகவே அடியில் வடிதிருகு ஒன்றும், என்ஜினுக்கு முன் நீர்பிரிக்கும் வடிகட்டி ஒன்றும் அவசியம்.

நிறைகுடம் தளும்பாது. அரைக்குடம்தான் சிக்கல். பாதி நிரம்பிய டேங்கில் நாற்பது கிலோ டீசல் ஒவ்வொரு மேட்டிலும் முன்னும் பின்னும் மோதும்போது வெல்டிங்கும் தாங்கு பட்டைகளும் வாங்கும் அடி சாதாரணமல்ல. உள்ளே துளையிட்ட தடுப்புத் தகடுகள் இருப்பது அதற்காகத்தான்.

தீ இன்னொரு கவலை. ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் ஸ்பினிஃபெக்ஸ் புல் பிசின் நிறைந்தது. தடத்தின் நடுவில் வளர்ந்து கிடக்கும் அந்தப் புல் வண்டியின் அடியில், டேங்கின் காப்புத் தகட்டின்மேல், சூடான சைலன்ஸர் குழாயின் அருகில் அடைந்துகொள்ளும். அதனால் முழுதாக எரிந்த வண்டிகளின் கூடுகளை அந்தத் தடங்களில் பார்க்கலாம். புதிய டேங்க் பொருத்துகிறவர் புகைக்குழாய்க்கும் டேங்குக்கும் இடைவெளி விட்டு, நடுவில் வெப்பத்தடுப்புத் தகடும் வைக்கவேண்டும். ஓட்டுகிறவர் அடிக்கடி இறங்கி அடியில் குனிந்து பார்க்கவேண்டும். டீசல் பற்றிக்கொள்ள 50 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும். பெட்ரோலின் ஆவியோ உறைபனிக் குளிரிலும் பற்றும். கைவேலையாகச் செய்த பெட்ரோல் டேங்கை யாரும் பொருத்திக்கொள்ளவே கூடாது.

இந்தியாவில் இதே ஆசை பிறக்கும் வழி மணாலி-லே சாலை. அந்த வழியில் தாண்டி என்ற ஊரின் பங்கில் 'அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில்' என்ற பலகை நெடுங்காலம் நின்றது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இங்கே வண்டி வைத்திருப்பவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்காமல் பட்டறைக்குப் போவது வீண்வம்பு.

டேங்க் வாங்குமுன் செய்து பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. மணலில் இறங்கும் முன் டயர் காற்றை 35 பிஎஸ்ஐயிலிருந்து 18க்கு இறக்கினால் டயர் பரந்து மிதந்து ஓடும், என்ஜின் அவ்வளவு முக்காது, டீசலும் மிஞ்சும். செலவு ஒரு காற்றுமானியும் சிறு கம்ப்ரஸரும். 1,100க்கும் மேற்பட்ட மணல்மேடுகள் உள்ள சிம்ப்சன் பாலைவனத்தை, 1960களில் எண்ணெய் தேடி பிரெஞ்சுக் கம்பெனி புல்டோசரால் வெட்டிய 'பிரெஞ்ச் லைன்' வழியே கடக்கிறவர்கள் பலர் இப்படித்தான் போகிறார்கள். மவுண்ட் டேரிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதற்கு ஒரு பெரிய டேங்கோ, தொட்டியின் தரையில் இறுக்கிக் கட்டிய இரண்டு கேன்களோ பலருக்குப் போதுமானதாக இருக்கிறது.

இரண்டாவது டேங்கைப் பொருத்திக்கொண்டவர் அதை எப்போது பயன்படுத்துவது? கடைசிக்கு என்று சேமித்து வைப்பது இயல்பாகத் தோன்றும். பழகியவர்கள் நேர்மாறாகச் செய்கிறார்கள். புறப்பட்டு நூறு, நூற்றைம்பது கிலோமீட்டரில், முதல் டேங்கில் கொஞ்சம் இடம் உண்டானதுமே சுவிட்சைப் போட்டு மாற்றத் தொடங்குகிறார்கள். பம்ப் ஓடவில்லை, ஃபியூஸ் போய்விட்டது, குழாய் கசிகிறது என்றால் அங்கேயே தெரிந்துவிடும். அப்போது முதல் டேங்கில் ஊர் திரும்பப் போதுமான டீசல் இருக்கும்.