ஐடியா உங்களுடையது... ஆதாரம் எங்கே?

1955 ஜனவரி. நாடக ஆசிரியர் ஆர்.ஜி.ஆனந்த், தில்லிக்கு வந்திருந்த சினிமா இயக்குநர் மோகன் சேகலிடம் தன்னுடைய ‘ஹம் ஹிந்துஸ்தானி’ நாடகத்தை முழுவதுமாகப் படித்துக் காட்டினார். அக்கம்பக்கத்தில் வசிக்கும் ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு மதராசிக் குடும்பம், பிள்ளைகளுக்குள் காதல், குறுக்கே நிற்கும் மாநிலப் பற்று. இதுதான் கதை. கேட்டவர் எந்த வாக்கும் கொடுக்காமல் கிளம்பினார். அடுத்த ஆண்டே, வைஜயந்திமாலா தமிழ்ப் பெண்ணாக நடிக்க, ‘நியூ டெல்லி’ படம் வெளியானது. அதே கரு!

ஆனந்த் வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என மூன்று இடத்திலும் தோற்றார். 1978-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அந்தக் கருத்துக்கு ஒருவர் கொடுத்த வடிவத்துக்கே உரிமை உண்டு.

இது சினிமாக்காரர்களுக்கு மட்டுமான பாடம் அல்ல. மாவட்டத் தொழில் மையத்தின் படியேறுகிறவருக்கும், ஆடிட்டரிடம் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கேட்டுப் போகிறவருக்கும், தொழில் ஆலோசகர் முன்னால் உட்காருகிறவருக்கும் இதே சட்டம்தான். ‘எனக்கு ஒரு ஐடியா வந்தது’ என்பதற்காக மட்டும் எந்த நீதிமன்றமும் உங்கள் பக்கம் நிற்காது.

அதற்காக யாரிடமும் வாய் திறக்காமல் இருந்துவிடலாமா? கூடாது. ஆலோசனை கேட்காமல் கடன் வாங்கி, தப்பான இயந்திரத்தை வாங்கிப் போட்டு நொடிந்துபோகிறவர் இழப்பது, ஐடியாவைப் பறிகொடுத்தவர் இழப்பதைவிடக் குறைவல்ல. கேட்கத்தான் வேண்டும். எப்படிக் கேட்பது என்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

நம்பிச் சொன்னதற்கும் மதிப்பு உண்டு

2003-ல் மும்பை உயர் நீதிமன்றத்துக்கு இன்னொரு வழக்கு வந்தது. சன்டயல் என்ற நிறுவனம் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கான கருத்தை விரிவாக எழுதி, எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்துவிட்டு, ஜீ டெலிஃபிலிம்ஸிடம் நம்பிக்கையின் பேரில் கொடுத்திருந்தது. பிறகு அதே சாயலில் ஜீ ஒரு தொடரை ஒளிபரப்பப் போக, நீதிமன்றம் தடை விதித்தது.

ஆனந்த் தோற்ற இடத்தில் இவர்கள் எப்படி ஜெயித்தார்கள்? ஆனந்தின் நாடகம் ஏற்கெனவே மேடை ஏறி ஊரறிந்தது. அவர் கேட்டது பதிப்புரிமை. இவர்களுடைய கருத்தோ வெளியே தெரியாதது, விவரமாக எழுதப்பட்டது, ரகசியமாகக் கொடுக்கப்பட்டது. நம்பிச் சொன்ன விஷயத்தை நம்பிக்கைக்கு மாறாகப் பயன்படுத்தினால் தவறு என்பது அந்த வழக்கின் முக்கிய அடித்தளம்.

வணிக ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லாமலே காலம் ஓடியிருக்கிறது. அப்படி ஒன்று வேண்டும் என்று சட்ட ஆணையம் 2024-ல் தன் 289-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. தனிச் சட்டம் இல்லாத இடத்தில் நம்மைக் காப்பது நாம் எழுதி வைத்த தாள்தான்.

எதைச் சொல்வது, எதை வைத்துக்கொள்வது?

சிறுதானிய நூடுல்ஸ் உடையாமல், பிசுபிசுக்காமல் வர நீங்கள் ஒரு பக்குவம் கண்டுபிடித்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஆலோசகருக்குத் தெரிய வேண்டியது பாக்கெட்டுக்கு என்ன அடக்கவிலை, எத்தனை மாதம் கெடாது, எங்கே விற்கப்போகிறீர்கள், கையில் எவ்வளவு முதல் இருக்கிறது என்பவைதான். மாவை எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம் வேகவைக்கிறீர்கள் என்பது அவருக்குத் தேவையில்லை. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் ‘சொந்தச் செய்முறை’ என்று எழுதினால் போதும். அந்த ரிப்போர்ட் ஆடிட்டர் அலுவலகம், தொழில் மையம், வங்கி என்று எத்தனை மேஜைகளைத் தாண்டிப் போகும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சூட்சுமத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், முதலில் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். என்.டி.ஏ. என்று சொல்வது இதைத்தான். எந்தத் தகவல், எந்த வேலைக்காக, எத்தனை ஆண்டுக்கு என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். ‘நீங்கள் இந்தத் தொழிலே செய்யக் கூடாது’ என்று எழுதிவிடாதீர்கள். ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம், 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி செல்லாது. ‘நான் சொன்ன தகவலைப் பயன்படுத்தக் கூடாது, பிறரிடம் சொல்லக் கூடாது’ என்று எழுதுங்கள்.

பலரைச் சந்திக்கும் ஆலோசகர்கள் கையெழுத்துப் போடத் தயங்கலாம். அதில் தவறில்லை. அப்போது மேலோட்டமாக மட்டும் பேசுங்கள். ‘இன்று நாம் பேசியவை ரகசியமானவை’ என்று குறிப்பிட்டு, பேசியதன் சுருக்கத்தை அன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள். இதே தொழிலில் வேறு யாருக்காவது ஆலோசனை சொல்கிறாரா என்பதையும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுங்கள். நல்ல ஆலோசகர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

முன்னதாகப் பதிவு செய்யுங்கள்

உங்களுடையது புது இயந்திரமோ புதுச் செயல்முறையோ என்றால் காப்புரிமைக்கு வழி உண்டு. ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே அது வெளியே பரவிவிட்டால், ‘புதியது’ என்ற தகுதியே போய்விடும். முழு விவரமும் தயாராகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பித்துவிட்டு, முழு விவரத்தை 12 மாதத்துக்குள் கொடுக்கலாம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். வழக்கறிஞர் செலவும் பரிசோதனைக் கட்டணமும் தனி. சென்னை கிண்டியிலேயே காப்புரிமை அலுவலகம் இருக்கிறது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. காப்புரிமை விண்ணப்பத்தின் முழு விவரம் பொதுவாக 18 மாதத்தில் வெளியாகிவிடும். பிறர் எளிதில் கண்டுபிடிக்க முடியாத சமையல் பக்குவம் போன்றவற்றை ரகசியமாக வைத்திருப்பதே லாபம். வியாபாரம் செய்யும் முறைக்கோ, காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவின்படி, காப்புரிமையே கிடையாது. அங்கே உங்கள் பலம் பெயர்தான். டிரேட்மார்க்கைப் பதிந்துவிட்டால் 10 ஆண்டு செல்லும், புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

தொழில் தொடங்கப்போகும் தம்பிகளே, தங்கைகளே! ஆலோசகரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பெரும்பாலானவர்கள் உங்களுக்கு வழிகாட்டத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் அவர் அறைக்குள் நுழையும் முன், ஐடியாவை விவரமாக எழுதி, தேதி போட்டு, உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். அது உங்களுக்கு உரிமையைத் தராது. ஆனால் நாளை ஒரு கேள்வி எழுந்தால் ஆதாரமாக நிற்கும். இன்று இரவே அதை எழுதிவிடுங்கள். நாளைக் காலை தைரியமாகக் கதவைத் தட்டுங்கள்.